அசையாத மனமும் ஒரு கேஸ்கெட்டும்

மெத்தைக்காரன் ஞானம் அடைந்துவிட்டான் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவனுடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். மெத்தைக்காரனுக்கே அந்த விஷயம் தெரியாது. காலையில் கடைக்குப் போய் பிக்கப் வண்டியில் மெத்தைகளை ஏற்றிக் கயிறு கட்டுவான். முகவரி தேடி வீடு வீடாக இறக்குவான். சாயங்காலம் தலைவலியோடு வீடு திரும்புவான். இதில் எந்த இடத்தில் ஞானம் வண்டியில் ஏறிக்கொண்டது என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது.

மச்சான் வாடகை மண்டபங்களில் மன அமைதி பற்றிப் பேசுகிறவர். குடும்பத்துக்குள் அவருக்கு 'மைக்' என்று பெயர். சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றாலும் தொண்டையைச் செருமி, கண்ணை மூடித் திறந்து, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்பார். மெத்தைக்காரனின் அப்பா செத்துப்போன அன்றைக்கு வந்தவர்களெல்லாம் அழுதார்கள். சிலர் அழவேண்டுமே என்று அழுதார்கள். மெத்தைக்காரன் மட்டும் வாசலில் இடிச்ச புளி மாதிரி நின்று, வருகிறவர்களுக்கு நாற்காலி எங்கே இருக்கிறது என்று கை காட்டிக்கொண்டிருந்தான். மைக் அவன் தோளில் கை வைத்துக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்துக்குங்க. அழுகை இல்ல, அலட்டல் இல்ல. நாங்கெல்லாம் வருஷக்கணக்கா மேடையில பேசுறோம். மாப்ள சத்தமில்லாம அடைஞ்சுட்டார்."

"அண்ணே, நேத்து பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சுது. அதையும் இவர் இப்படித்தான் பாத்துக்கிட்டு நின்னார்" என்றாள் மைக்கின் தங்கை, அதாவது மெத்தைக்காரனின் மனைவி, மூக்கைச் சிந்திக்கொண்டே.

"அதேதான்மா! பாலும் ஒண்ணு, தகப்பனும் ஒண்ணு. அந்த நிலை!"

அன்று முதல் மைக்கின் பேச்சுகளில் மெத்தைக்காரன் ஓர் உதாரணமாகிவிட்டான். 'எங்கள் குடும்பத்திலேயே ஒருவர்' என்று ஆரம்பிப்பார். கூட்டம் நிமிர்ந்து உட்காரும். கடைசியில் உதாரணத்தை நேரிலேயே மேடையேற்றிவிடுவது என்று முடிவாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மண்டபமும் பிடித்தாகிவிட்டது. தலைப்பு 'அசையாத மனம்'. சுவரொட்டியில் மெத்தைக்காரனின் படம். ஓட்டுநர் உரிமத்துக்காக எடுத்த படம் அது. அதில் எல்லோருமே ஞானிகள் மாதிரிதான் இருப்பார்கள்.

மெத்தைக்காரன் மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அவனுக்கு எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது மாதிரி இருந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு அப்பாவை நினைத்துப் பார்ப்பான். முகம் வரும். குரலும் வரும். அதோடு சரி. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி. விரலுக்குக் கன்னம் தெரியும், கன்னத்துக்கு விரல் தெரியாது. அப்பா மேல் தனக்குப் பாசமே இருந்ததில்லையோ என்ற கேள்வி ஒன்று உள்ளே கிடந்தது. அதற்காவது பயம் வரவேண்டும். பயம்கூட யாரோ வந்து தகவல் சொல்லிவிட்டுப் போன மாதிரிதான் வந்தது.

"உங்களுக்கு அவரைப் பிடிக்காதாங்க?" என்று ஒருநாள் மனைவி கேட்டாள். குத்தலாக இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

"தெரியல" என்றான். அதுதான் உண்மை. தெரிந்தால் தேவலை என்றும் அவனுக்குத் தோன்றியது.

அந்த பிக்கப் வண்டி அப்பாவுடையது. அதே மெத்தைக் கடைக்கு அவர்தான் காலமெல்லாம் ஓட்டினார். ஒரு கொள்கையோடு ஓட்டினார். கண்ணாடியை ஏற்றவே மாட்டார். வெயிலோ புழுதியோ மழையோ, இரண்டு பக்கக் கண்ணாடியும் இறங்கியே இருக்கும். மழை நாளில் பின்னால் மெத்தைகள் தார்ப்பாய்க்குள் சொகுசாக வரும், முன்னால் அப்பா ஜன்னல் பக்கத்துக் கை சொட்டச் சொட்ட வருவார். யாராவது கேட்டால் போதும். "காத்து உள்ள வந்து வெளிய போகணும்யா. காத்துதான் மருந்து. கண்ணாடியை ஏத்திக்கிட்டு ஓட்டுறவன் பாதி உயிரோடதான் ஓட்டுறான்" என்று ஆரம்பித்துவிடுவார். கடை வாசலில் சுமை இறக்குகிறவர்கள் அவருக்குக் 'காத்து' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

காத்து படுக்கையில் விழுந்ததும் கடையின் உள்ளே சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த மகன் சாவியை வாங்கிக்கொண்டான். முதல் காரியமாக ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வண்டியைச் சுத்தம் செய்தான். சீட்டைக் கழற்றி, அதற்குப் பின்னால் தலைமுறைகளாகச் சேர்ந்திருந்த பேனா மூடி, திருகாணி, பிஸ்கட் தூள், மூலையில் திணித்து வைத்திருந்த எண்ணெய் பிசுக்குத் துணி எல்லாவற்றையும் வாரிக் குப்பையில் போட்டான். கண்ணாடிகளை ஏற்றினான். எலுமிச்சை வாசனை அட்டை ஒன்றை முன்னால் தொங்கவிட்டான். "உங்கப்பா ஓட்டினப்ப இது வண்டி. இப்பதான்யா இது ஷோரூம்" என்று கடை முதலாளியே சொன்னார்.

படுக்கையிலிருந்து அப்பா கேட்டார். "கண்ணாடியை எறக்கி விட்டுத்தானே ஓட்டுற?"

"ஆமாப்பா."

"பொய் சொல்லாத. எறக்கி விட்டு ஓட்டு."

"சரிப்பா."

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். கிழவருக்கு இன்னும் காத்துப் பிரசங்கம் விடவில்லை என்று நினைத்துக்கொண்டான். அவர் போய்ச் சேருவதற்குள்ளேயே அவனுக்கு அந்தத் தலைவலி ஆரம்பித்திருந்தது. கூடவே அந்த அமைதியும்.

மனைவிக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. ஞானத்தில் ஓட்டை இருப்பதை அவள் வியாழக்கிழமை கண்டுபிடித்தாள். தன் தங்கை வீட்டுக்கு ஒரு கட்டில் மெத்தை போகவேண்டியிருந்தது. அவளும் கூட ஏறிக்கொண்டாள். இந்த இடத்தில் அவளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள் அவள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நாலாவது முறையும் இழுப்பாள். பூட்டே ஒருநாள் வாய்விட்டு அழுதுவிடும் என்று மெத்தைக்காரன் பழைய நாட்களில் கேலி செய்வான். அப்படிப்பட்டவள் பாதி வழியில், அன்றைக்கு வீட்டைப் பூட்டவே இல்லை என்று ஞாபகம் வந்து, 'போகட்டும்' என்று நினைத்தாள். நினைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தங்கை வீட்டு வாசலில் இறங்கி, தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் காற்றாட நின்ற பிறகுதான் அவளுக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது.

"ஏங்க! வீடு தெறந்து கிடக்கு!"

"ம்."

"அது தெரிஞ்சும் நான் போகட்டும்னு நெனச்சேங்க. நான்! போகட்டும்னு!"

"ம்."

அவள் அவனையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் இப்போது நெற்றிப்பொட்டு இரண்டிலும் விண்விண்ணென்று வலித்தது. வண்டி எடுக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இந்த மனுஷன் சாப்பாட்டில் காரம் அதிகம் என்று சொல்வதும், திங்கட்கிழமை மறுபடி மரமாகிவிடுவதும் ஞாபகம் வந்தது.

"ஞானமாம் ஞானம்! வண்டியில ஏதோ கோளாறு" என்றாள். "திரும்பறப்ப கண்ணாடியை எறக்கி விட்டு ஓட்டுங்க. நேரா மெக்கானிக் கிட்ட போறோம். இல்ல, மொதல்ல வீட்டைப் பூட்டிட்டுப் போறோம்."

மெக்கானிக்கின் பட்டறை வாசலில் 'வாகன மருத்துவமனை' என்று பலகை தொங்கியது. அவர் தன்னை 'டாக்டர்' என்றே சொல்லிக்கொள்வார். மற்றவர்களும் வம்பெதற்கு என்று அப்படியே கூப்பிடுவார்கள். ஒரு நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை வண்டியின் வயிற்றுப்பக்கம் நீட்டி, "மூச்சை இழுத்து விடச் சொல்லுங்க" என்றார். மெத்தைக்காரன் ஆக்சிலேட்டரை மிதித்தான். டாக்டர் கண்ணை மூடி ரொம்ப நேரம் கேட்டார்.

"பின் சைலன்சர் போச்சு. சந்தேகமே இல்ல. புகை அங்கேருந்துதான் லீக் ஆகுது. எவனோ அரைகுறை மாட்டின வேலை."

மனைவி டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தாள். "இதுல உங்க பட்டறை பேருதானே பெயின்ட்ல எழுதியிருக்கு?"

டாக்டரும் குனிந்து பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். "அப்படின்னா இது போகாது" என்றார்.

"காலையில ஸ்டார்ட் பண்ணறப்ப முன்னாடி டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வரும். வண்டி சூடானதும் நின்னுடும்" என்றான் மெத்தைக்காரன். யாரோ கேட்டதற்கு முகவரி சொல்வது மாதிரி சொன்னான்.

"அதைத்தான் நான் சொல்ல வந்தேன். நீங்க குறுக்க பேசிட்டீங்க."

மறுநாள் காலை இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது சோப்புப் பரீட்சை நடந்தது. டாக்டர் வீட்டிலிருந்து தூசி உறிஞ்சும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, அதன் இழுக்கும் பக்கத்துக்குப் பதிலாக ஊதும் பக்கத்தில் குழாயை மாட்டி, வண்டியின் புகைக்குழாய்க்குள் செருகினார். சுற்றிலும் ஈரத்துணி திணித்தார். இயந்திரம் ஊத ஆரம்பித்ததும், சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு, இன்ஜினிலிருந்து பின்பக்கம் வரை இணைப்பு இணைப்பாகத் தடவிக்கொண்டே போனார். காற்று வெளியேறுகிற இடத்தில் குமிழி வரும். அவ்வளவுதான் வித்தை. அதை அவர் அறுவைச் சிகிச்சை மாதிரி செய்தார்.

"யாரும் பேசாதீங்க" என்றார். யாரும் பேசவில்லை. இயந்திரம்தான் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

முதல் குமிழியைப் பார்த்தது மனைவிதான். இன்ஜினிலிருந்து புகைக்குழாய் இறங்கும் இணைப்பில், கரி படிந்து கறுத்திருந்த இடத்தில், துணி துவைக்கிற வாளி மாதிரி நுரை பொங்கியது. அங்கே புகை கசியாமல் இடுக்கை அடைக்கிற மெல்லிய கேஸ்கெட் எப்போதோ கருகி உதிர்ந்திருக்கவேண்டும். இரண்டாவது லீக் கேபினுக்கு நேர் கீழே. குழாயின் வெல்டிங் ஓரமாக முடி அளவு விரிசல், சின்னச் சின்னக் குமிழியாக விட்டுக்கொண்டிருந்தது.

"கீழ விட்டா கீழயே போகவேண்டியதுதானே, இவர் மண்டைக்குள்ள எப்படி ஏறுச்சு?" என்றாள் மனைவி.

டாக்டர் சீட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தார். கேபினுக்குள் சீட்டுக்குப் பின்னால், தரையும் சுவரும் சேரும் மூலையில், நாணய அளவில் ஒரு வெளிச்சம் வட்டமாக விழுந்தது.

"அங்க ஒரு ரப்பர் மூடி இருக்கணும். எங்க அது?"

"மூடி இல்ல" என்றான் மெத்தைக்காரன். கொஞ்சம் யோசித்தான். "துணி இருந்துச்சு. நான்தான் தூக்கிப் போட்டேன்."

"என்ன துணி?"

"எண்ணெய்த் துணி. இறுக்கி உருட்டித் திணிச்சிருந்துச்சு. கொறடு வச்சுத்தான் இழுக்க முடிஞ்சுது."

டாக்டர் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். "அது அழுக்குத் துணி இல்லண்ணே. புகை உள்ள வருதுன்னு தெரிஞ்சு எவரோ வேணும்னே அடைச்சு வச்சது. நீங்க எடுத்துட்டு, கண்ணாடியையும் ஏத்திக்கிட்டீங்க. பெட்ரோல் வண்டிப் புகை, தெரியாமலே மண்டையை மரத்துப்போக வைக்கும். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா, உங்களுக்கும் நாற்காலி போட்டிருப்பாங்க."

எவரோ என்றால் எவர் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் பார்க்கும்படி ஒன்றும் இல்லை. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது என்பது அவன் மண்டைக்குள் போய், கடை ரசீதைக் கம்பியில் குத்தி வைப்பது மாதிரி குத்திக்கொண்டு நின்றது. அவ்வளவுதான்.

சாயங்காலம் தகவல் கேள்விப்பட்டு மைக் வந்தார். வெள்ளை உடுப்பு. உட்கார இடம் தேடினார். எல்லா இடத்திலும் கிரீஸ் இருந்ததால் நின்றுகொண்டார்.

"மாப்ள, புகை ஒரு காரணமா இருக்கலாம். நான் மறுக்கல. ஆனா விளைவைப் பாருங்க. நல்ல விளைவுதானே?"

"சாகக் கிடந்தாரு அண்ணே" என்றாள் மனைவி.

"சாகலையே? நான் என்ன சொல்றேன்னா... மண்டபம் பிடிச்சாச்சு. சுவரொட்டி ஒட்டியாச்சு. ஞாயித்துக்கிழமை கூட்டம் முடியட்டும். திங்கக்கிழமை இந்த வேலையை வச்சுக்கலாமே? ரெண்டே நாள்."

"செய்யலாம். ஆனா அந்த ரெண்டு நாளும் நீங்க ஓட்டுங்க. கண்ணாடியை ஏத்திக்கிட்டு. நீங்களும் அடைஞ்சுடலாம்."

மைக் கண்ணை மூடித் திறந்தார். இந்த முறை குரல் முதல் வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. மெத்தைக்காரனைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க மாப்ள?" என்றார்.

மெத்தைக்காரன் கணக்குப் போட்டுப் பார்த்தான். வண்டி சரியானதும் அப்பாவுக்கான துக்கம் வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் புகை மேல் பழி போடவும் வழியில்லை. அப்புறம் அவன் நிஜமாகவே கல்தான்.

"சரி பண்ணிடலாம்" என்றான்.

போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. டாக்டர் நெருப்புச் சுடரால் அவற்றைச் சிவக்கச் சிவக்கச் சூடாக்கிக் கழற்றினார். ஒன்று முறிந்தது. அதைத் துளை போட்டு எடுத்தார். பழைய கேஸ்கெட் எரிந்த காகிதம் மாதிரி சுரண்டச் சுரண்ட உதிர்ந்தது. பரப்பைப் பளபளவென்று தேய்த்துப் புதியதை வைத்து முடுக்கினார். விரிசல் விட்ட துண்டைக் குழாயிலிருந்து வெட்டியெடுத்துப் புதுத் துண்டைப் பற்றவைத்தார். மூலை ஓட்டைக்கு ரப்பர் மூடி வந்தது. மறுபடி சோப்புத் தண்ணீர். இந்த முறை ஒரு குமிழிகூட வரவில்லை. "டிஸ்சார்ஜ்!" என்றார் டாக்டர், கையைத் துடைத்துக்கொண்டே.

மெத்தைக்காரன் பழைய கேஸ்கெட்டில் உதிராமல் மிஞ்சியிருந்த ஒரு துணுக்கை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குக் கிளம்பினார்கள். அண்ணன் ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று, போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றாள் மனைவி. வீட்டைப் பூட்டினாள். மூன்று முறை இழுத்தாள். வண்டியில் ஏறிய பிறகு அவனை இறக்கி நாலாவது முறை இழுத்துப் பார்க்கச் சொன்னாள்.

தூறல் போட்டது. மெத்தைக்காரன் வேண்டுமென்றே இரண்டு கண்ணாடியையும் கடைசி வரை ஏற்றினான். எலுமிச்சை அட்டையைக் கழற்றி வைத்தான். கேபினுக்குள் துடைப்பான் போகிற வருகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. தலைவலி இல்லை. சாலை சாலையாகவே தெரிந்தது. அப்பாவை நினைத்தான். முகம் வந்தது. குரல் வந்தது. மேற்கொண்டு வரவேண்டியது வருகிறதா என்று பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி காத்திருந்தான். இரண்டு சிக்னல் தாண்டியாயிற்று. ஒன்றும் வரவில்லை.

ஆக, புகை இல்லை. நான்தான் இப்படி, என்று நினைத்தான்.

மூன்றாவது சிக்னலில் நின்றபோது சட்டைப் பைக்குள் விரல் போயிற்று. துணுக்கு எடுத்ததும் பொடியாகி விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது.

"ஒரு கேஸ்கெட்டு" என்றான்.

"என்னங்க?"

"உள்ளங்கை அகலம்கூட இல்ல. ஒரு கேஸ்கெட்டு. அதை மாத்தாம, துணியைத் திணிச்சு வச்சுக்கிட்டு, ஊரெல்லாம் காத்தைப் பத்திப் பிரசங்கம் பண்ணியிருக்கார் மனுஷன்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தான். குரல் நிற்கவில்லை.

"சின்ன வயசுல மழையில பக்கத்துல உக்காந்து பல்லு கிடுகிடுன்னு அடிச்சுக்கும் எனக்கு. கண்ணாடியை ஏத்துப்பான்னு கெஞ்சுவேன். 'காத்துடா, மருந்து'ம்பார். மருந்தாம்! ஓட்டைப் புகைக்குழாயை வச்சுக்கிட்டு மருந்தாம்! படுக்கையில கெடந்து தெனமும் கேட்டாரே, எறக்கி விட்டு ஓட்டுறியா, எறக்கி விட்டு ஓட்டுறியான்னு. வண்டியில ஓட்டை இருக்குடான்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிச்சுடுமா? சொன்னா இத்தனை வருஷப் பிரசங்கம் என்ன ஆகிறது? மானம் போயிடுமே! வீம்பு! சாகுற நேரத்துலயும் வீம்பு! ஏன்யா, உன் வீம்புக்கு நான் உனக்கு அழக்கூட முடியாம நின்னேனே, ஏன்யா!"

கடைசி வரியில் குரல் இரண்டாகப் பிளந்தது. மெத்தைக்காரன் அழுதான் என்று சொல்ல முடியாது. கண்ணில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. மூக்குதான் ஒழுகியது. அதைக் கரி விரலாலேயே துடைத்ததில் மேலுதட்டில் அரை மீசை வந்தது. பாறாங்கல் எதுவும் நெஞ்சிலிருந்து இறங்கிவிடவில்லை. மரத்துப்போன காலில் முதல் முள் குத்துகிறதே, அந்த அளவுதான். ஆனால் குத்தியது.

மண்டபம் வந்துவிட்டது. எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்தினான். வாசலில் அவன் முகம் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது, கீழே 'அசையாத மனம்'. அதன் பக்கத்தில் மைக் குடை பிடித்து நின்று, வாருங்கள் என்று கையை உயர்த்தினார். மெத்தைக்காரன் பின்பக்கம் பார்க்கிற சின்னக் கண்ணாடியில் தன் மூக்கையும் அரை மீசையையும் பார்த்தான். அந்தச் சுவரொட்டியையும் பார்த்தான்.

மனைவி தொண்டையைச் செருமினாள்.

"ஏங்க, வீட்டைப் பூட்டினேனான்னு ஞாபகமே வரலைங்க."

நாலாவது முறை இழுத்துப் பார்த்தவன் அவன்தான். பூட்டின் ஈரம்கூட உள்ளங்கையில் ஞாபகம் இருந்தது.

"எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. போய்ப் பாத்துடலாம்" என்றான்.

வண்டியைத் திருப்பினான். பின்னால் மைக்கின் கை தூக்கியது தூக்கியபடியே குடைக்குள் நின்றது. தெருமுனை தாண்டியதும் மெத்தைக்காரன் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினான். இனி அதற்கு ஒரு அவசியமும் இல்லை. தூறல் உள்ளே வந்து சட்டைக் கையை நனைத்தது.

"இப்ப எதுக்குங்க அதை எறக்கறீங்க? ஏத்துங்க, நனையுது!"

"இரு, இன்னும் முடியல" என்றான். "இன்னொரு தடவை என்ன பண்ணினார் தெரியுமா அந்த மனுஷன்..."